மறுப்புப் பொத்தான்: பதினைந்து ஆண்டுப் பாவனைக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஓர் ஒழுங்கையில் நாங்கள் குடியிருக்கும் தொடர்மாடியில் 24 வீடுகள் இருக்கின்றன. அந்த 24 வீட்டாருக்கும் பொதுவாக ஒரு வாட்ஸ்அப் குழுவும் இருக்கிறது. சில மாதங்களுக்கு முன்னர், மூன்றாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் அந்தக் குழுவில் நீளமான செய்தி ஒன்றை எழுதினார். மொட்டைமாடியில் உள்ள தண்ணீர்த் தாங்கியை ஆண்டுக்கு மூன்று தடவை கழுவுவதை இரண்டு தடவையாகக் குறைத்து, மிச்சம் பிடிக்கும் காசில், கடற்காற்றுப் பட்டுத் துருவேறிக் கிடக்கும் பின்பக்க இரும்பு ஏணியை மாற்றலாம் என்பது அவருடைய யோசனை. செலவுக் கணக்கை வரிவரியாகப் போட்டிருந்தார். அரை மணித்தியாலத்துக்குள் அந்தச் செய்தியின் கீழே, கட்டைவிரல் தாழ்ந்த குறி ஒன்பது சேர்ந்துவிட்டது. ஒருவரும் ஒரு சொல் எழுதவில்லை. அந்த ஒன்பதில் ஒன்று என்னுடையது.

அன்று பின்னேரம் லிஃப்டில் அவரைச் சந்தித்தேன். அவர் கோபப்படவில்லை. "தம்பி, உங்கட பேரும் அதில கிடக்கு. எந்த இடத்தில பிழை விட்டனான் எண்டு ஒரு வரி எழுதியிருந்தா நான் யோசிச்சிருப்பன்" என்றார். மூன்றாம் மாடி வந்ததும் இறங்கிப் போய்விட்டார். என்னிடம் ஒரு காரணம் இருந்தது, நல்ல காரணமும்தான். அதை எழுத ஒரு நிமிடம் போதும். ஆனால் பொத்தானை அழுத்த ஒரு கணம் போதுமாக இருந்ததால், அந்த ஒரு நிமிடத்தை நான் அவருக்குக் கொடுக்கவில்லை.

மென்பொருள் எழுதுவது என் தொழில். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக, "எனக்கு உடன்பாடில்லை" என்று சொல்லும் பொத்தான்கள் பலவற்றை நாள்தோறும் பாவித்து வருகிறேன். என் எழுத்தின்மீது மற்றவர்கள் அவற்றை அழுத்தவும் பார்த்திருக்கிறேன். ஒரு மின்விசிறியையோ அரிசிக் குக்கரையோ வாங்கிப் பாவித்தவர் அதன் நிறைகுறைகளை எழுதுவதுபோல இந்தப் பொத்தானையும் ஒரு பொருளாக வைத்து மதிப்பிட வேண்டும் என்று அந்த லிஃப்டில் எனக்குத் தோன்றியது. எது நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது, எது ஆட்களைக் கெடுக்கிறது, எதை எப்படிக் கையாள வேண்டும் என்பதையே இங்கே சொல்கிறேன்.

நான் பாவித்தவற்றுள் மிகுந்த யோசனையோடு செய்யப்பட்டது ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் டவுன்வோட், அதாவது ஓர் எழுத்தைக் கீழே தள்ளும் எதிர்வாக்கு. மென்பொருள் எழுதுவோர் கேள்வி கேட்டுப் பதில் பெறுவதற்காக 2008இல் தொடங்கிய தளம் அது. அங்கே புதிதாகச் சேர்ந்தவர் நினைத்தவுடன் ஒருவருடைய எழுத்தைக் கீழே தள்ள முடியாது; பிறருக்குப் பயன்படும்படி எழுதி 125 நன்மதிப்புப் புள்ளிகளைச் சேர்த்த பிறகுதான் அந்த உரிமை கிடைக்கும். ஒரு பதிலை நீங்கள் டவுன்வோட் செய்தால் எழுதியவர் 2 புள்ளிகளை இழப்பார். நீங்களும் 1 புள்ளியை இழப்பீர்கள். அந்த ஒரு புள்ளிதான் இந்த வடிவமைப்பின் உயிர். பிறரை மறுப்பதற்குத் தன் கையிலிருந்தும் ஏதோ ஒன்றைக் கொடுக்க வேண்டியிருக்கும்போது, விரல் இயல்பாகவே ஒருமுறை தயங்குகிறது. பொத்தானின்மேல் சுட்டியை வைத்தால், "இந்தப் பதில் பயனற்றது" என்ற பொருள்படும் குறிப்பு தோன்றும். "இந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை" என்று அது சொல்வதில்லை. ஒருவர்மீது ஆத்திரம் கொண்டு அவருடைய பழைய பதிவுகளையெல்லாம் தேடிப் போய் வரிசையாக அழுத்தினால், அந்த வாக்குகளைக் கண்டுபிடித்து நீக்குவதற்கும் அங்கே ஒரு தானியங்கி ஏற்பாடு உண்டு.

இதில் எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். தமிழ்ச் சொல் ஒன்றில் எத்தனை எழுத்துகள் இருக்கின்றன என்று நிரல் வழியாக எண்ணுவது எப்படி என்ற கேள்விக்குப் பல ஆண்டுகளுக்கு முன்னர் நான் ஒரு பதில் எழுதினேன். இரண்டு டவுன்வோட்கள் விழுந்தன. அழுத்தியவர்களில் ஒருவர் கீழே எழுதியிருந்தார்: நீங்கள் எண்ணுவது எழுத்தை அல்ல, யூனிகோட் குறியீட்டுப் புள்ளிகளை (கணினி எழுத்துகளைச் சேமித்து வைக்கும் எண்களை), "கொ" என்பது ஓர் எழுத்து, ஆனால் உங்கள் நிரல் ககரத்தையும் ஒகரக் குறியையும் தனித்தனியாக எண்ணி இரண்டு என்கிறது. அவர் சொன்னது முழுக்கச் சரி. பிறப்பிலிருந்து தமிழ் எழுதி வரும் எனக்குக் கண்முன் கிடந்த பிழை அது. பதிலைத் திருத்தினேன். அந்தத் தளத்தில் ஒருமுறை இட்ட வாக்கு சில நிமிடங்களில் பூட்டப்பட்டுவிடும்; பதிவு திருத்தப்பட்டால் மட்டுமே அதை மாற்றிக்கொள்ள முடியும். காரணம் எழுதியவர் திரும்பி வந்து, திருத்தத்தைப் பார்த்து, தன் வாக்கை மீட்டுக்கொண்டார். மற்றைய வாக்கு இன்றும் அங்கேயே இருக்கிறது. அதை இட்டவர் யார், இதே பிழையைத்தான் கண்டாரா, வேறொன்றைக் கண்டாரா என்று அறிய எனக்கு வழியில்லை. முதல் வாக்கு எனக்கு ஒன்றைக் கற்பித்தது. இரண்டாவது ஒரு எண்ணாகவே நின்றுவிட்டது. இந்தத் தளத்திலும் காரணம் எழுதுவது கட்டாயமில்லை என்பதுதான் நான் காணும் ஒரே பெருங்குறை.

ரெடிட் இதற்கு நேர்மாறானது. பலரும் பதிவிட்டு விவாதிப்பதற்காக 2005இல் தொடங்கிய அந்தத் தளத்தில் மேலே ஓர் அம்பு, கீழே ஓர் அம்பு; அழுத்துபவருக்குச் செலவில்லை, பெயரும் வெளியே தெரியாது. ஒரு கருத்து பூச்சியத்துக்குக் கீழே சில புள்ளிகள் இறங்கினால் அது சுருட்டி மறைக்கப்படும். படிக்க விரும்புபவர் தட்டித் திறக்க வேண்டும். அந்தத் தளத்தின் பழைய நடத்தை விதிகள் இதைப் பற்றித் தெளிவாகவே பேசுகின்றன: உரையாடலுக்குப் பங்களிக்காததையும் விடயத்தோடு பொருந்தாததையும் மட்டும் கீழே தள்ளுங்கள், தனிப்பட்ட முறையில் பிடிக்கவில்லை என்பதற்காக அழுத்தாதீர்கள். விதி நல்லது, பொத்தான் அந்த விதிக்கு ஒத்துழைக்கவில்லை. கீழ்நோக்கிய அம்பைப் பார்க்கும் எவருக்கும் அது "வேண்டாம்" என்றே படுகிறது. "இது இந்த இடத்துக்கு உரியதல்ல" என்ற நுட்பமான பொருள் அந்த வடிவத்தில் இல்லை. ஒரு கருவியின் உருவமே ஒன்றைச் சொல்லி, அதன் கூடவரும் தாள் வேறொன்றைச் சொன்னால், ஆட்கள் உருவத்தைத்தான் நம்புவார்கள்.

தொழில்நுட்பச் செய்திகளைப் பகிர்ந்து விவாதிக்கும் ஹேக்கர் நியூஸ் என்ற தளம் இங்கே கவனிக்க வேண்டிய இன்னோர் உத்தியைக் கையாள்கிறது. குறிப்பிட்ட அளவு புள்ளிகள் சேர்ந்த பிறகுதான் அங்கே கீழம்பு தோன்றும். தோன்றிய பிறகும், உங்களுடைய கருத்துக்கு ஒருவர் நேரடியாக எழுதிய மறுமொழியின்மீது அது ஒருபோதும் தோன்றாது. அதாவது, நீங்கள் யாரோடு வாதாடுகிறீர்களோ அவரை நீங்களே கீழே தள்ள முடியாது. வழக்காளியே நீதிபதியாக இருக்கக்கூடாது என்ற பழைய நியாயம், ஒரு சிறிய அம்பை மறைப்பதன் மூலம் அங்கே காப்பாற்றப்படுகிறது. இந்த ஏற்பாடு இல்லாத இடங்களில் இதை நாமே நமக்கு விதித்துக்கொள்ளலாம் என்பது என் உறுதியான கருத்து: வாதத்தில் ஒரு தரப்பாக இருப்பவர் மறுதரப்பின் எழுத்தின்மீது பொத்தானைத் தொடக்கூடாது, சொல்லால் மட்டும் மறுக்க வேண்டும். தன்னை யார், ஏன் அழுத்தினார்கள் என்று கேட்டுப் புலம்புவதையும் அந்தத் தளத்தின் வழிகாட்டி வேண்டாம் என்கிறது. அப்படிக் கேட்பதால் பயன் விளைவதில்லை, படிப்பவருக்கும் அலுப்பு என்கிறது. அதையும் நான் ஏற்கிறேன். அழுத்தப்பட்டவர் செய்ய வேண்டியது, தன் எழுத்தை இன்னொரு தடவை நிதானமாக வாசிப்பதுதான்.

யூடியூப்பின் தாழ்ந்த கட்டைவிரல்தான் நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது. ஐந்து நட்சத்திரங்களில் மதிப்பிடும் பழைய முறையில் ஏறத்தாழ எல்லோரும் ஐந்தையே அழுத்தினார்கள் என்பதால், 2010இல் அது கட்டைவிரல் உயர்த்துவதாகவும் தாழ்த்துவதாகவும் மாற்றப்பட்டது. 2021 நவம்பரில், தாழ்ந்த கட்டைவிரல்களின் எண்ணிக்கை பொதுமக்கள் கண்ணிலிருந்து மறைக்கப்பட்டது. காணொளியை ஏற்றியவர் மட்டும் தன் கணக்கில் அதைப் பார்க்கலாம். கூட்டமாகச் சேர்ந்து ஒருவரைத் தாக்குவதைக் குறைப்பதே நோக்கம் என்று நிறுவனம் சொன்னது. அன்று பலர் கோபித்துக்கொண்டார்கள். பிழையான செய்முறை சொல்லும் காணொளியை எண்ணிக்கையைப் பார்த்துத்தானே இனங்கண்டோம் என்றார்கள். அந்தக் குறை நியாயமானது. மின்சார வேலையையோ மருந்தையோ பற்றிய பிழையான காணொளிக்கு அந்த எண் ஓர் எச்சரிக்கைப் பலகையாக இருந்தது. ஆனால் பாட்டுப் போட்டியில் பாடிய பிள்ளையின் காணொளிக்கும் அதே எண்தான் இருந்தது; அங்கே அது பலகை அல்ல, கல். இரண்டையும் பிரித்தறிய முடியாத கருவியை மறைத்தது சரியென்றே நான் நினைக்கிறேன்.

ஒன்றை மட்டும் பாவனையாளர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். "இப்படியானவற்றை எனக்குக் காட்டாதே" என்று எண்ணிக்கொண்டு அந்தக் கட்டைவிரலை அழுத்துபவர்கள் பலர். மொசில்லா அறக்கட்டளை 2022இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்தப் பொத்தான் வேண்டாத பரிந்துரைகளில் ஏறத்தாழ 12 வீதத்தையே தடுத்தது. "இந்த அலைவரிசையைப் பரிந்துரைக்காதே" என்ற தெரிவு 43 வீதம்வரை தடுத்தது. ஒரு காணொளி உங்களுக்கு வேண்டாம் என்பதுதான் விடயமென்றால், எழுதியவரை நோகச் செய்யாத, உங்களுக்கும் கூடுதலாகப் பயன்படும் வழி ஒன்று அங்கேயே இருக்கிறது.

பேஸ்புக் பதிவுகளின் கீழே மறுப்புப் பொத்தான் என்று ஒன்று இல்லை. 2016இல் வந்த உணர்ச்சிக் குறிகளுள் கோபமுகம்தான் அந்த வேலையைச் செய்கிறது. இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2017இலிருந்து அந்த முகத்துக்கு ஒரு சாதாரண விருப்பக்குறியைப் போல ஐந்து மடங்கு எடை கொடுத்து, கோபம் வாங்கிய பதிவுகளை அந்த நிறுவனம் மேலும் பலருக்குக் காட்டியது என்பதும், 2020இல்தான் அந்த எடை பூச்சியமாக்கப்பட்டது என்பதும் பின்னர் வெளிவந்த உள்ளக ஆவணங்களால் தெரியவந்தன. நமக்குப் பிடிக்காததை அழுத்தியழுத்தி நாமே பரப்பினோம். இலங்கையைப் போல ஒரு வதந்தி தெருவுக்கு இறங்கிவிடக்கூடிய நாட்டில் இது எவ்வளவு பாரதூரமானது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

பொத்தான் அழுத்தப்பட்டவருக்கு என்ன நடக்கிறது என்பதைப் பற்றி இரண்டு ஆய்வுகள் எனக்குப் பெரிதும் உதவின. 2014இல் நான்கு தளங்களின் கருத்துப் பகுதிகளை ஆராய்ந்தவர்கள், மறுப்புக் குறி வாங்கியவர்கள் அதன் பிறகு முன்னைவிட அதிகமாக எழுதினார்கள், எழுத்தின் தரம் குறைந்தது, மற்றவர்களையும் அதிகமாக மறுத்து அழுத்தத் தொடங்கினார்கள் என்று கண்டார்கள். திருந்தட்டும் என்று அடித்த அடி திருத்தவில்லை. அது அடுத்தவருக்குக் கைமாறியது. அதற்கு முந்தைய ஆண்டில் வெளியான இன்னொரு பரிசோதனையில், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கருத்துகளில் சிலவற்றுக்கு ஆய்வாளர்களே எழுந்தமானமாக முதல் வாக்கை இட்டுப் பார்த்தார்கள். முதல் வாக்கு ஆதரவாக விழுந்த கருத்துகளின் இறுதி மதிப்பெண் சராசரியாக 25 வீதம் கூடியது. முதலில் விழும் குறி, பின்னால் வருபவரின் கண்ணை எந்த அளவுக்குத் திருப்புகிறது என்பதற்கு இது போதுமான சான்று. அந்தப் பரிசோதனையில், எதிராக விழுந்த முதல் வாக்கைப் பின்னால் வந்தவர்கள் ஆதரவு வாக்கிட்டுச் சரிசெய்துவிட்டார்கள் என்பது ஆறுதல் தரும் செய்தி. எங்கள் தொடர்மாடியில் அது நடக்கவில்லை. முதலில் அழுத்தியவர் முகாமைத்துவக் குழுவில் இருப்பவர். அவருக்குப் பின்னால் எட்டுப் பேர் வரிசையாக அழுத்தினோம்.

இந்த இடத்தில், நம் மொழி இதைப் பற்றி எவ்வளவு முன்னரே யோசித்திருக்கிறது என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நன்னூல் பாடம் படித்தவர்களுக்கு எழுவகை மதம் என்ற பகுதி நினைவிருக்கும். பிறர் கருத்துக்கு உடன்படுவது ஒன்று, மறுப்பது இன்னொன்று, பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர் களைவது வேறொன்று. தானே ஒன்றை நாட்டி அதை நிலைநிறுத்துவதும், இருவர் மாறுபட்டு நிற்கும்போது ஒரு பக்கத்தைத் துணிவதும், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவதும், பிறர் கருத்தைச் சாராமல் தன் கருத்தைக் கொள்வதும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. 13ஆம் நூற்றாண்டில் நூல் செய்தவருக்குக் கருத்து மாறுபாட்டில் இத்தனை நிலைகள் தெரிந்தன. நம் கைபேசியில் அவையெல்லாம் ஒரே கட்டைவிரலுக்குள் அடைபட்டுவிடுகின்றன. "ஏணி மாற்றத்தான் வேண்டும், ஆனால் தாங்கியில் கைவைக்க வேண்டாம்" என்று நான் அன்று நினைத்தது, ஏற்றுக்கொண்டு களைதல் என்ற வகையைச் சேர்ந்தது. ஐயாவுக்குப் போய்ச் சேர்ந்தது வெறும் மறுத்தல்.

இந்தக் குறையை ஓரளவு உணர்ந்து செய்யப்பட்ட பொத்தான் ஒன்றையும் நான் பார்த்திருக்கிறேன். லெஸ்ராங் என்ற தளம் 2022இல் இரண்டு தனித்தனி வாக்குகளைக் கொண்டுவந்தது. எழுத்து தரமானதா என்பதற்கு ஒன்று. அதன் கருத்தோடு நீங்கள் உடன்படுகிறீர்களா என்பதற்கு இன்னொன்று. "நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் நான் உடன்படவில்லை" என்று அங்கே வாய் திறக்காமலே சொல்லலாம். எழுதியவரின் மதிப்பு குறையாது; கருத்து மாறுபாடும் மறையாது. மறுப்புப் பொத்தான் ஒன்றைச் செய்யத்தான் வேண்டுமென்றால், ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் ஒரு புள்ளிச் செலவையும் இந்த இரட்டை வாக்கையும் சேர்த்துச் செய்ய வேண்டும் என்றே என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்வேன். சும்மா எண்ணி முடிக்காமல் காரணத்தை எடைபோடும் பழக்கத்துக்கு விக்கிப்பீடியாவைப் பார்க்கலாம். ஒரு கட்டுரையை நீக்கலாமா என்ற உரையாடலை முடித்துவைப்பவர் அங்கே தலைகளை எண்ணுவதில்லை, சொல்லப்பட்ட காரணங்களையே பார்க்கிறார்.

கடைசியாக வாட்ஸ்அப். 2022 மே மாதத்தில் ஆறு குறிகளோடு இந்த வசதி வந்தபோது அவற்றுள் தாழ்ந்த கட்டைவிரல் இருக்கவில்லை. சில வாரங்களுக்குப் பின்னர் எந்தக் குறியையும் இடலாம் என்றானபோதுதான் அது உள்ளே வந்தது. இங்கே பெயர் மறைவதில்லை. குறியைத் தட்டினால் இட்டவர்கள் எல்லோருடைய பெயரும் வரிசையாகத் தெரியும். பெயர் தெரிவது பொறுப்பைத் தரும் என்று முன்னர் நம்பியிருந்தேன். சிறிய குழுவில் அது போதாது. அமெரிக்காவில் இருக்கும் முகந்தெரியாத ஒருவர் என் பதிலைத் தள்ளினால் நான் இரவு தூங்கி எழும்போது அது மறந்துவிடும். ஒரே படிக்கட்டில் ஏறியிறங்குகிறவர்கள், வீட்டில் பலகாரம் செய்தால் ஒரு தட்டு அனுப்புகிறவர்கள் ஒன்பது பேர் பெயரோடு வரிசையாக நின்று ஒன்றும் பேசாமல் விரலைத் தாழ்த்தினால், எழுபதைத் தாண்டிய மனிதர் அதை எங்கே கொண்டுபோய் வைப்பார்? மறுப்பவர் ஏற்கெனவே இருந்தால் மேலும் ஒரு விரலைச் சேர்க்காமல் விடுவதும், ஒருவர் காரணம் எழுதியிருந்தால் அந்தக் காரணத்துக்கு ஆதரவு தெரிவிப்பதும் இங்கே மற்ற எந்த இடத்தையும்விட அவசியம். மூத்தவர் பிழையாகவே எழுதியிருந்தாலும், தனியாக ஓர் அழைப்பு எடுத்துக் கதைப்பது இன்னும் நல்லது. மொழி இடறும்போதும் அப்படித்தான்: எங்கள் குழுவில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் கலந்து வரும், தனக்குப் பழக்கமில்லாத மொழியில் ஒருவர் எழுதும் வசனத்தை, விளங்கவில்லை என்றால் கேட்க வேண்டும், விரலைத் தாழ்த்தக்கூடாது.

லிஃப்டில் சந்தித்த மறுநாள் என் குறியை எடுத்துவிட்டு, குழுவிலேயே காரணத்தை எழுதினேன். தாங்கியின் மூடி ஓரிடத்தில் வெடித்திருக்கிறது. மழைக்காலத்தில் அதனூடாக அழுக்கு இறங்குகிறது. அதனால்தான் மூன்றாவது தடவை கழுவ வேண்டியிருக்கிறது. ஏணி விடயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஐயா கால் மணித்தியாலத்தில் மறுமொழி எழுதினார்: மூடியை மாற்ற என்ன செலவு? விசாரித்துச் சொன்னேன். மூடியை முதலில் மாற்றுவது, பிறகு கழுவுவதை இரண்டு தடவையாக்குவது, அடுத்த ஆண்டில் ஏணி என்று அவர் கணக்கைத் திருத்திப் போட்டார். முன்பு விரலைத் தாழ்த்திய ஒன்பது பேரில் ஏழு பேர் அதற்கு உடன்பட்டார்கள். மற்ற இருவரும் தங்கள் காரணத்தை எழுதினார்கள். குறியை இடுபவர் கூடவே ஒரு வரி எழுத வேண்டும் என்று குழுவின் விளக்கப் பகுதியில் இப்போது எழுதப்பட்டிருக்கிறது.

சென்ற வாரம் வாகனத் தரிப்பிடத்தைப் பற்றி நான் ஒரு யோசனையைப் போட்டேன். முதலில் விழுந்தது ஐயாவின் தாழ்ந்த கட்டைவிரல். அதன் கீழே பதினொரு வரிகளில் காரணம் எழுதியிருந்தார். தூண்களுக்கு இடைப்பட்ட தூரத்தைத் தானே போய் அளந்து அந்தக் கணக்கையும் சேர்த்திருந்தார். நான் கீழே போய், நாடாவைப் பிடித்து, மறுபடியும் அளந்து பார்த்தேன்.